கேள்வி - பதில்: பீரங்கியருகே நின்ற சிறுவன்

கேள்வி: முதல் உலகப் போரில் பதினாறு வயதில் விக்டோரியா சிலுவை (பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்) பெற்ற மாலுமி யார்? அவருடைய குடும்பம் என்ன ஆயிற்று?

பதில்: அவர் பெயர் ஜாக் கார்ன்வெல். லண்டனை அடுத்த லேட்டனில் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். புரூக் பாண்ட் தேயிலை வண்டியில் எடுபிடியாக இருந்துவிட்டு, தந்தையின் அனுமதியின்றியே 1915இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். 1916 மே 31 அன்று ஜெர்மனியுடன் நடந்த ஜட்லாந்து கடற்போரில், 'செஸ்டர்' கப்பலின் பீரங்கிக்குக் குறி அமைக்கும் பணியில் இருந்தபோது, உடனிருந்தவர்கள் மாண்டும் காயமுற்றும் விழுந்து கிடக்க, மார்பில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்த நிலையிலும் ஆணையை எதிர்பார்த்து அங்கேயே நின்றார். ஜூன் 2 அன்று, தாய் வந்து சேருமுன்பே, கிரிம்ஸ்பி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

முதலில் அவரைப் பொதுக் குழியில்தான் புதைத்தார்கள் (பத்திரிகைகள் கண்டித்த பிறகே அரசு மரியாதை நினைவுக்கு வந்தது!). ராணுவத்திலிருந்த தந்தையும் அதே ஆண்டு அக்டோபரில் நோயால் இறந்து, மகனின் கல்லறையிலேயே அடக்கமானார். நவம்பரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜிடம் பதக்கத்தைப் பெற்ற தாய், 1919இல் வறுமையில் மறைந்தார். அந்தப் பீரங்கி இன்றும் லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.