96 கோரா, 64 கோரா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரியில் இயற்பியல், வேதியியல், இயந்திரவியல் ஆகிய மூன்று துறைகளும் பொதுவில் பயன்படுத்த, 6 சர்வர்களை இணைத்து ஒன்றாக இயக்கும் கிளஸ்டர் ஒன்றை வாங்கவிருக்கிறோம். வந்துள்ள இரண்டு கொட்டேஷன்களுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. முதலாவதில் சர்வருக்கு 96 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட ஏஎம்டி எபிக் 9654 பிராசசர் ஒன்றும் 512 ஜிபி ரேமும் உள்ளன. இரண்டாவதில் 32 கோர் கொண்ட எபிக் 9354 இரண்டும் 384 ஜிபி ரேமும் உள்ளன. கோர், ரேம் இரண்டுமே கூடுதல் என்பதால் முதலாவதை வாங்கலாம் என்கிறது கொள்முதல் குழு. சரிதானா?
– பேராசிரியர், தஞ்சாவூர்

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். காரணம் தாங்கள் அனுப்பிய கொட்டேஷனின் ரேம் வரியிலேயே இருக்கிறது. முதலாவதில் ‘8 × 64 ஜிபி’ என்றும் இரண்டாவதில் ‘24 × 16 ஜிபி’ என்றும் போட்டிருக்கிறார்கள்.

இவை இரண்டும் சேர்ந்த எபிக் 9004 வரிசையில், பிராசசர் ஒன்றுக்கு ரேமிலிருந்து தரவு வரும் பாதைகளான மெமரி சேனல்கள் 12 உண்டு. டிடிஆர்5-4800 ரேம் செருகிய ஒரு சேனல் நொடிக்கு அதிகபட்சம் 38.4 ஜிபி தரவைக் கொண்டுவரும். ரேம் செருகாத சேனல் தண்ணீர் வராத தெருக்குழாய்தான். முதலாவது சர்வரில் 8 சேனல்களே இயங்குவதால், நொடிக்குக் கிடைக்கும் 307.2 ஜிபியை 96 கோர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், கோருக்கு 3.2 ஜிபிதான் வரும். இரண்டாவதில் 24 சேனல்களும் நிரம்பியிருப்பதால் 921.6 ஜிபியை 64 கோர்கள் பங்கிடுகின்றன, கோருக்கு 14.4 ஜிபி. ரேமின் கொள்ளளவும் கோர்க் கணக்கில் பார்த்தால் இரண்டாவதில்தான் சற்றுக் கூடுதல். முதலாவதில் 12 சேனல்களையும் நிரப்பித் தரச் சொன்னாலும் கோருக்கு 4.8 ஜிபியைத் தாண்டாது.

இயற்பியல் துறை ஓட்டும் குவாண்டம் எஸ்பிரெசோ, இயந்திரவியல் துறை ஓட்டும் ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள்கள், பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷில் அடங்காத பெரிய எண் அணிகளைத் திரும்பத் திரும்ப ரேமிலிருந்து இழுப்பவை. அவற்றுக்கு, கோருக்கு நொடியில் வந்துசேரும் இந்த ஜிபி அளவுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வேதியியல் துறையின் க்ரோமாக்ஸ் மென்பொருள் அப்படியன்று. அதன் தரவு பெரும்பாலும் கேஷிலேயே அடங்கிவிடுவதால், கூடுதல் கோர் வேண்டும் என்று அத்துறையினர் கேட்டால் அவர்கள் வரையில் அது நியாயமே. சந்தேகமிருந்தால் தங்கள் துறையின் உண்மையான கணக்கு ஒன்றை 8, 16, 32, 64 கோர்களில் ஓட்டி நேரத்தைக் குறித்துப் பாருங்கள். கோரை இரட்டித்தும் நேரம் அசையவில்லை என்றால், அநேகமாக நெரிசல் ரேமில் இருக்கிறது. டெண்டரிலும் கோர் எண்ணிக்கையைக் கேட்பதைவிட, ‘இந்த உள்ளீட்டுக் கோப்பு இத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும்’ என்று கேட்பதே மேல்.

சர்வர்களை ஒன்றோடொன்று அதிவேகமாக இணைக்கும் இன்ஃபினிபேண்ட் ஸ்விட்ச் இப்போதைக்கு வேண்டாம். ஒரு சர்வருக்குள் அடங்கும் கணக்குகளுக்கு அதனால் பயனில்லை. பல சர்வர்களில் பரவும் பெரிய கணக்குகளுக்கு, அருகிலேயே திருச்சி என்ஐடியில் 2022-இல் தொடங்கப்பட்ட 838 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. அங்கே விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

கேள்வி: கணிப்பு வேலைக்கான என்விடியா ஏ100 கார்டு ஒன்றின் விலையில், விளையாட்டுக்கான ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுகள் பல வாங்கலாமே?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தங்கள் கணக்கு எந்தத் துல்லியத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒற்றைத் துல்லியத்தில் (எண்ணுக்கு 32 பிட்) 4090 ஏறத்தாழ 82 டெராஃப்ளாப், ஏ100 19.5 மட்டுமே. இரட்டைத் துல்லியத்தில் (64 பிட்) நிலைமை தலைகீழ்: ஏ100 9.7, 4090 சுமார் 1.3. க்ரோமாக்ஸ் பெரும்பாலும் ஒற்றைத் துல்லியத்திலேயே கணக்கிடுவதால் அதற்கு 4090 தாராளமாகப் போதும். இரட்டைத் துல்லியத்தில் ஓடும் குவாண்டம் எஸ்பிரெசோவுக்கு வாங்கினால் வருந்துவீர்கள். மூன்று ஸ்லாட் தடிமனுள்ள அந்தக் கார்டு தங்கள் சர்வர் பெட்டிக்குள் நுழையுமா என்பதையும் அளந்து பாருங்கள்.

கேள்வி: 6 சர்வர்களுக்கு ஒன்றரை டன் ஏசி ஒன்று போதுமா?
– ஆய்வக உதவியாளர், மதுரை

பதில்: சர்வர் ஒன்று 900 வாட் எடுத்தால் ஆறுக்கும் 5.4 கிலோவாட், அத்தனையும் வெப்பமாகவே வெளிவரும். ஒரு டன் ஏசி நீக்குவது சுமார் 3.5 கிலோவாட். ஆக, ஒன்றரை டன் ஏசி மூச்சுவிடாமல் ஓடினாலும் இழுபறிதான், கோடையில் தாங்காது. 2 டன் ஏசி இரண்டை முறைவைத்து ஓட்டுங்கள். யுபிஎஸ் இருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டாம்: மின்சாரம் போனால் சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஏசி நின்றுவிடும். அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டதும் சர்வர்கள் தாமாகவே அணையும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிடுங்கள்.