முதுகு மச்சமும் பார்லர் மெஷினும்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. வலது தோள்பட்டைக்குக் கீழே சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம். இந்த ஒரு வருஷத்தில் அது பெரிதாகி, கொஞ்சம் உப்பியும் இருக்கிறது. நடுவில் ஒரு முடி வேறு. மாமியார், "முதுகு மச்சம் யோகம், கை வைக்காதே" என்கிறார். பார்லரிலோ மெஷின் வைத்துப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். மகள் போனில் எதையோ படித்துவிட்டு, "எனக்குக் கேன்சராம்மா?" என்று ராத்திரி அழுகிறாள். என்ன செய்வது டாக்டர்?
– ஒரு தாய், மாட்டுங்கா, மும்பை

பதில்: முதலில் மகளைத் தூங்க வையுங்கள் அம்மா. இந்த வயதில் மச்சம் வளர்வது இயல்பு. பிள்ளை உயரும்போது தோலும் விரிகிறது, ஹார்மோனும் சேர்கிறது. பழைய மச்சம் பெரிதாகும், புதிதாகவும் சில வரும். முடி முளைப்பது கேன்சருக்கு அடையாளமே இல்லை. மெலனோமா என்கிற மச்சப் புற்று பதின்வயதில் மிக அபூர்வம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னும் அபூர்வம்.

அதற்காகப் பார்க்காமல் விடவும் கூடாது. பகல் வெளிச்சத்தில் மகளின் முதுகு முழுவதையும் பாருங்கள். ஒருவர் உடம்பில் இருக்கும் மச்சங்களுக்குப் பெரும்பாலும் ஒரு குடும்பச் சாயல் இருக்கும். அந்தச் சாயலில் சேராமல் ஒன்று மட்டும் தனித்து நின்றால், அதைத்தான் நாங்கள் உற்றுப் பார்ப்போம். ஒரு பாதி ஒரு மாதிரி, மறுபாதி வேறு மாதிரி, ஓரம் பிசிறடித்திருப்பது, ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு எனப் பல நிறம், பென்சில் முனை ரப்பரைவிட, அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், சில மாதங்களிலேயே மாற்றம். இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சில நேரம் தப்பும். கறுப்பே இல்லாமல், இளஞ்சிவப்பாக வேகமாக வளரும் கட்டி, தொட்டால் ரத்தம் கசியும் பரு போன்றது, இவற்றையும் காட்டிவிட வேண்டும்.

அப்புறம், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. நம் தோல் நிறக்காரர்களுக்கு மெலனோமா வந்தால் அங்கேதான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள்; 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

பார்லர் விஷயத்துக்கு வருகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். கன்னத்து மச்சத்தை எங்கோ சுட்டுக்கொண்ட 17 வயதுப் பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். தழும்பின் ஓரத்தில் கறுப்பு திரும்ப முளைத்திருந்தது. சுட்டபின் மிச்ச செல்களிலிருந்து வளரும் சாதாரண மச்சம், மைக்ரோஸ்கோப்பிலும் மெலனோமாவைப் போலவே ஏமாற்றும். முதலில் இருந்தது என்ன என்று பார்க்கலாம் என்றால், அதுதான் சாம்பலாகிவிட்டதே! வெட்டி எடுத்துப் பரிசோதித்து, இன்னொரு நிபுணரிடமும் கேட்டு, கெட்டது இல்லை என்று உறுதியாகும்வரை அந்த அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சுண்ணாம்பு வைப்பது, நூல் கட்டுவது எல்லாமும் இதே கதைதான்.

தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. டெர்மாஸ்கோப் என்ற பூதக்கண்ணாடியை மச்சத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, மச்சத்தை முழுதாக எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்தேகம் இல்லையென்றால், பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

போகும்போது, டெர்மாஸ்கோப்பில் தெரிவதைப் படம் எடுத்து மகளுக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவேன். பழுப்பு நிறத்தில் வலை பின்னியது போல ஒரே சீராகத் தெரியும். அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு போனில் படித்ததை அவர்கள் பேசுவதில்லை.