ரிவெட், விரிசல், அரிப்பு: விமான உடல் பழுதுபார்ப்பு பற்றிப் பயிற்சி பெறுபவர்கள் கேட்டவை

ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படிக்கும் மாணவர்களும், ஹேங்கரில் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகளும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் ஷீட் மெட்டல் பக்கம் வேலை பார்ப்பவன். அதனால் எஞ்சின், ஏவியானிக்ஸ் கேள்விகளைத் தொடவில்லை. இங்கே வரும் அளவுகள் பயிற்சிக்கூடத்தில் சொல்லித்தரும் பொது அளவுகள். நிஜ விமானத்தில் கை வைக்கும்போது அந்த விமானத்தின் எஸ்ஆர்எம் (உடல் பழுதுபார்ப்புக் கையேடு) என்ன சொல்கிறதோ அதுதான் செல்லும்.

கேள்வி: அண்ணா, எஸ்ஆர்எம்-ஐத் திறந்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? (முதலாண்டு மாணவர்)

51-ஆம் அத்தியாயத்திலிருந்து. 52 கதவுகள், 53 உடல், 54 எஞ்சினின் மேலுறையும் அதைத் தாங்கும் பைலானும், 55 வால் பகுதி, 56 ஜன்னல், 57 இறக்கை. போயிங்கோ ஏர்பஸ்ஸோ, எண்கள் இதேதான். புதிதாக வருகிறவர்கள் நேராக 53-க்குப் போய்விடுவார்கள். ஆனால் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வகைகள், எதற்குப் பதில் எதைப் போடலாம், அரிப்பை எப்படி எடுப்பது, சீலண்ட், பிரைமர் எல்லாம் 51-இல்தான் இருக்கிறது.

சேதத்தைப் பார்த்ததும் இடத்தை எழுதுங்கள்: எந்த ஸ்டேஷன் (நீளவாக்கில் இடத்தைக் குறிக்கும் எண்), எந்த இரண்டு ஸ்டிரிங்கர்களுக்கு (நீளவாக்குச் சட்டங்கள்) நடுவில், பக்கத்து ஃப்ரேமிலிருந்து (குறுக்குச் சட்டம்) எவ்வளவு தூரம். அப்புறம்தான் அப்படியே விடலாமா, பழுது பார்க்கலாமா, மாற்றியே ஆக வேண்டுமா என்ற கேள்வி. மேனுவலில் அந்தச் சேதமே இல்லையென்றால் விமானத்தைத் தயாரித்தவரிடம் கேட்க வேண்டும். ‘கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று பக்கத்தில் இருக்கிறது’ என்று அதைப் போட்டுவிடக் கூடாது.

கேள்வி: ரிவெட் அளவு எப்படிக் கணக்கிடுவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (கோவை மாணவி)

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 0.040 அங்குலத் தகடும் 0.025 அங்குலத் தகடும் சேர வேண்டும். விட்டம், தடிமனான தகட்டைப் போல மூன்று மடங்கு: 0.120. பக்கத்தில் உள்ள அளவு 1/8 அங்குலம், அதாவது 0.125. நீளத்துக்கு இரண்டு தகடும் சேர்ந்த 0.065-உடன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள்: 0.2525. கடையில் கிடைப்பது 1/4 அங்குலம். ஆக உங்களுக்கு வேண்டியது எம்எஸ்20470ஏடி4-4. முதல் 4 விட்டம், 1/32 அங்குலக் கணக்கில். கடைசி 4 நீளம், 1/16 அங்குலக் கணக்கில். இரண்டும் வேறு வேறு கணக்கு என்பதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் தேர்வில் தப்பாக எழுதுகிறார்கள்.

துளைக்கு 30-ஆம் எண் டிரில். செம்பு நிறக் கிளெக்கோ (ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைப் பிடித்து வைக்கும் தற்காலிகக் கவ்வி). அடித்து முடித்த பிறகு உருவாகும் தலை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். தகட்டு ஓரத்திலிருந்து துளையின் மையம் குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி, கவுன்டர்சங்க் (தலை தகட்டுக்குள் சமமாக அமரும் ரிவெட்) என்றால் இரண்டரை. ரிவெட்டுக்கு ரிவெட் குறைந்தது மூன்று விட்டம்.

‘ஏடி’ என்பது 2117 அலாய் (அலுமினியக் கலவை). தலையில் நடுவில் சின்னக் குழி இருக்கும், அப்படியே அடிக்கலாம். தலையில் இரண்டு கோடு மேலெழும்பி இருந்தால் ‘டிடி’, 2024 அலாய். அதை ஹீட் ட்ரீட் செய்து ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்த சில நிமிடங்களிலேயே இறுக ஆரம்பிக்கும். ஒரு கைப்பிடி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணி ஏறும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பாதி ரிவெட் அடிபடும்போதே வெடிக்கும்.

கேள்வி: தடிமனான டபுளர் (சேதமான இடத்தின்மேல் வைக்கும் ஒட்டுத் தகடு) போட்டால் இன்னும் பலம்தானே? ஏன் ஒரே ஒரு கேஜ் (தகட்டுத் தடிமன் படி) மட்டும் கூட்டச் சொல்கிறார்கள்?

இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. விமானத்தின் ஸ்கின் (வெளித்தகடு) வெறும் மூடி இல்லை. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதை இழுக்கிறது. அந்த இழுவிசை தகடு வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அது சுற்றிப் போக வழி வேண்டும். ஸ்கின்னிலிருந்து ரிவெட்டுக்கு, ரிவெட்டிலிருந்து டபுளருக்கு, திரும்ப அந்தப் பக்கத்து ரிவெட் வழியாக ஸ்கின்னுக்கு. டபுளர் அளவுக்கு மீறித் தடிமனாக இருந்தால் விறைப்பு கூடும். விறைப்பான பொருள் சுமையைத் தன் பக்கம் இழுக்கும், அதை முதலில் தாங்க வேண்டியது வெளி வரிசை ரிவெட்டுகள்தான். அங்கே துளையின் விளிம்பில் களைப்பு விரிசல் பிறக்கும், அதுவும் டபுளருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். அதனால்தான் ஸ்கின்னின் அதே அலாயில், அதே தடிமனோ ஒரு கேஜ் கூடுதலோ என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

வழி பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 உதாரணம். அந்த 747 விமானம் 1978-இல் ஒசாகாவில் இறங்கும்போது வால் தரையில் தட்டியது. பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரைச் சரி செய்தார்கள். இரண்டு பாதிகளையும் ஒரே தொடர்ச்சியான தகடு பிணைத்திருக்க வேண்டும். அதை இரண்டு துண்டாக்கிப் பொருத்தினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரிவெட் வரிசைகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் இரண்டு வரிசை சுமக்க வேண்டிய சுமையை ஒரே வரிசைதான் சுமந்தது. அப்படியே 12,000 தடவைக்கு மேல் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அந்தச் சுவர் கிழிந்தது. செங்குத்து வாலின் பெரும்பகுதியும் ஹைட்ராலிக் இணைப்புகளும் போயின. 520 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள்.

கேள்வி: சின்னக் கீறலுக்கு இவ்வளவு சத்தம் போடுகிறாரே எங்கள் சூப்பர்வைசர்? சொட்டை விழுந்ததற்குக்கூட அவ்வளவு திட்டவில்லை. (சென்னை, பயிற்சி மெக்கானிக்)

அவர் சரியாகத்தான் திட்டுகிறார். மழமழவென்று உள்வாங்கிய சொட்டையில் உலோகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அளந்து, மடிப்போ விரிசலோ இல்லையென்று பார்த்து, உள்ளே ஃப்ரேம் நெளியவில்லையென்று உறுதி செய்தால் பல சமயம் மேனுவல் அதை அனுமதிக்கும். கீறல் அப்படியில்லை. அதன் அடி கூர்மையாக இருக்கும். விசை அந்தக் கூர்முனையில் குவிந்து, அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் விரிசல் ஒரு இழை நகரும்.

1980-இல் ஹாங்காங்கில் சைனா ஏர்லைன்ஸ் 747 ஒன்று வாலைத் தரையில் உரசியது. கீறல் விழுந்த ஸ்கின்னை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே டபுளரை வைத்து ரிவெட் அடித்தார்கள். டபுளரும் சேதத்தைத் தாண்டிப் போதுமான தூரம் நீளவில்லை. 22 வருடம் ஒன்றும் ஆகவில்லை. 2002 மே 25-ஆம் தேதி, விமான எண் 611, தைவான் ஜலசந்திக்கு மேலே நடுவானில் உடைந்தது. விமானத்தில் இருந்த 225 பேரும் இறந்தார்கள்.

பழைய சீலண்டைச் சுரண்ட இரும்புக் கத்தியை எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் எதற்கு இருக்கிறது? தகட்டில் வெட்டுக்கோடு போட ஸ்கிரைபரும் வேண்டாம், சாதாரணப் பென்சிலும் வேண்டாம். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அலுமினியத்தோடு சேர்ந்தால் அதுவே அரிப்பைத் தொடங்கி வைக்கும். நுனி மெல்லிய மார்க்கர் போதும்.

கேள்வி: கவுன்டர்சிங்க் (ரிவெட் தலை அமர வெட்டும் குழி) கொஞ்சம் ஆழமாகிவிட்டால் ரிவெட் உள்ளே போகும், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. 100 டிகிரி கட்டர் தகட்டின் முழுத் தடிமனையும் தின்றுவிட்டால் துளையின் அடி விளிம்பு கத்தி முனை மாதிரி ஆகிவிடும். விரிசலுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. அலோஹா ஏர்லைன்ஸ் 243-இல் நடந்ததில் இதுவும் ஒரு பங்கு. 89,680 தடவை பறந்த போயிங் 737-200. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் லேப் ஜாயின்டில் ஒட்டு விட்டுப்போனது. பசை தாங்க வேண்டிய சுமை ரிவெட்டுகளுக்கு வந்தது. ஒரே வரிசையில் பல துளைகளில் சின்னச் சின்ன விரிசல்கள் பிறந்து கைகோத்துக்கொண்டன. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்க்கு மேலே 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்றவர்களோடு விமானம் இறங்கியதே பெரிய விஷயம். ஏறும்போதே ஒரு பயணி கதவுப் பக்கம் விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

தகடு ரிவெட் தலையின் ஆழத்தைவிட மெல்லியதா? கட்டரைக் கீழே வைத்துவிட்டு டிம்பிள் செய்யுங்கள், அதாவது தகட்டை வெட்டாமல் அழுத்திக் குழியாக்குங்கள்.

கேள்வி: விரிசல் முனையில் துளை போட்டால் நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. ஸ்டாப் டிரில் என்னும் அந்தத் துளை கூர்முனையை வட்டமாக்கி விசைக் குவிப்பைக் குறைக்கிறது. ஆனால் துளை சரியாக முனையில் விழ வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற முனை நிஜ முனையாக இருப்பது அபூர்வம். எடி கரன்ட்டோ (மின்காந்தச் சோதனை) டை பெனட்ரன்ட்டோ (சாயச் சோதனை) போட்டு முனையைத் தேடிவிட்டு டிரில்லை எடுங்கள். எஸ்ஆர்எம் அந்த இடத்தில் அனுமதித்தால் மட்டும்.

கேள்வி: அரிப்பை எங்கே தேடுவது? எப்படி எடுப்பது? (திருச்சி)

கழிவறைக்கும் கேலிக்கும் (விமானச் சமையலறை) அடியில் தரையைத் தூக்கிப் பாருங்கள். காபி, ஜூஸ், கழிவறைத் தண்ணீர் எல்லாம் இறங்கித் தேங்கும் இடம். பேட்டரிப் பெட்டி, சக்கரக் குழி, உடலின் அடிப்பள்ளம், வடிகால் துளை அடைத்த இடங்கள் அடுத்தது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ராத்திரி நிற்கும் விமானங்களுக்கு உப்புக்காற்று வேறு.

வெள்ளைத்தூள் எல்லோருக்கும் தெரியும். பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள், ரிவெட் தலையைச் சுற்றிப் பெயின்ட் உப்பல், ரிவெட்டுக்குப் பின்னால் காற்றடிக்கும் திசையில் கறுப்புத் தீற்றல், இவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். கறுப்புத் தீற்றல் என்றால் அந்த ரிவெட் தளர்ந்து உரசிக்கொண்டிருக்கிறது. 7075-டி6 எக்ஸ்ட்ரூஷனில் (அச்சு வழியே அழுத்தி எடுத்த அலுமினியக் கலவைச் சட்டம்) உலோகம் ஏடு ஏடாக எழும்பினால் அது எக்ஸ்ஃபோலியேஷன். மேலே தேய்த்துவிட்டு விட்டுவிட முடியாது, வேர் உள்ளே ஓடியிருக்கும்.

எடுக்கும்போது ஸ்டீல் வுல், இரும்பு பிரஷ் இரண்டும் அலுமினியத்தின் பக்கமே வரக் கூடாது. இரும்புத் துகள் பதிந்து புது அரிப்பு கிளம்பும். முழுவதும் எடுத்த பிறகு மீதித் தடிமனை அளந்து எழுதுங்கள். இதைத்தான் பலர் விடுகிறார்கள்: பளபளவென்று தேய்த்துவிட்டு, எவ்வளவு உலோகம் போனது என்று கேட்டால் விழிப்பார்கள். அந்த எண் இல்லாமல் மேனுவலின் வரம்போடு எதை ஒப்பிடுவது? அப்புறம்தான் அலோடைன் (அரிப்பைத் தடுக்கும் ரசாயனப் பூச்சு), பிரைமர், பெயின்ட்.

கேள்வி: 787 மாதிரி கார்பன் விமானம் வந்த பிறகு ரிவெட் கற்றுக்கொள்வது வீண்தானா?

787-இன் எடையில் பாதி காம்போசிட் (இழையும் பிசினும் சேர்ந்த பொருள்). மீதிப் பாதி? அலுமினியமும் டைட்டானியமும் எஃகும்தானே. நம் ஊர் வானில் ஓடும் ஏ320, 737 எல்லாம் உலோக உடல்தான். இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

காம்போசிட்டில் கவலையே வேறு. அடி வாங்கினால் மேலே ஒரு தடயமும் இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். லக்கேஜ் வண்டி இடித்ததைச் சொல்லாமல் போகிறவர் உலோக விமானத்தைவிட இங்கே அதிக ஆபத்தானவர். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான் டேப் டெஸ்ட்: கணீரென்றால் சரி, மொத்தென்று கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது. ஹனிகோம்ப் (உள்ளே தேன்கூடு வடிவம் கொண்ட) பேனலுக்கு இது நன்றாக வேலை செய்யும். தடித்த லேமினேட்டில் (இழை அடுக்குகளாலான தகடு) ஆழத்தில் இருக்கும் பிரிவை உங்கள் காது பிடிக்காது, அங்கே அல்ட்ராசானிக் வேண்டும். இன்னொன்று, கார்பன் ஃபைபரும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவில் கண்ணாடி இழை அடுக்கு வைப்பதும் டைட்டானியம் ஃபாஸ்டனர் போடுவதும் அதனால்தான்.

கேள்வி: கழற்றிய போல்ட் மாதிரியே ஸ்டோரில் பார்த்து எடுத்துக்கொள் என்கிறார் சீனியர். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. காக்பிட் கண்ணாடியை மாற்றியவர் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். 90-இல் 84 விட்டம் குறைந்தவை. 17,300 அடியில் கண்ணாடி பறந்துபோய் கேப்டனின் பாதி உடல் வெளியே இழுபட்டது. கேபின் ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி சவுத்தாம்டனில் இறக்கினார், கேப்டன் பிழைத்தார். கழற்றிய போல்ட்டே முன்பு யாரோ தப்பாகப் போட்டதாக இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள். அந்த விமானத்தில் அப்படித்தான் இருந்தது. பார்ட்ஸ் கேட்டலாக்கைத் திறந்து எண்ணைப் பார்த்து எடுங்கள். சீனியர் முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: பயிற்சி பெறுபவர் கையெழுத்துப் போடலாமா?

செய்த வேலைக்கு, உங்கள் நிறுவனம் அனுமதித்த அளவுக்குப் போடலாம். விமானத்தைப் பறக்க விடுவிக்கும் கையெழுத்து லைசென்ஸும் நிறுவனத்தின் அங்கீகாரமும் உள்ளவருடையது. இந்தியாவில் லைசென்ஸ் டிஜிசிஏ-வின் (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) சிஏஆர்-66 விதிப்படி. நீங்கள் பார்க்காத வேலைக்கு ‘சும்மா போடு’ என்று யார் சொன்னாலும் பேனாவைத் திறக்காதீர்கள்.

கேள்வி: ஷீட் மெட்டல் வேலையில் காது போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா? (மதுரை மாணவி)

காது மஃப் போடாமல் ரிவெட் கன் பிடித்தால் போகும். பக்கிங் பார் (ரிவெட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் உலோகக் கட்டை) பிடிப்பவருக்கும் அதே சத்தம்தான், அவர்தான் மறப்பார். ஆனால் நான் அதைவிடப் பயப்படுவது குரோமேட் பிரைமரைத் தேய்க்கும் தூசிக்கு. புற்றுநோய் வரவைக்கும் பொருள் அது. துணி மாஸ்க் எல்லாம் போதாது, சரியான ரெஸ்பிரேட்டர் கேட்டு வாங்குங்கள். ஏர் கன்னால் ஊதாமல் வாக்குவம் வைத்து எடுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போகவும் வேண்டாம்.

கேள்வி: சொந்தமாக என்ன வாங்கி வைத்துக்கொள்ளலாம்?

நல்ல டார்ச், வளைகழுத்துக் கண்ணாடி, 10 மடங்கு லென்ஸ், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். டார்ச்சை நேராக அடிக்காமல் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள், சொட்டையும் விரிசலும் நிழல் விழுந்து தெரியும். எல்லாவற்றிலும் உங்கள் பெயரைப் பொறித்து, ஷிஃப்ட் முடியும்போது எண்ணிப் பையில் போடுங்கள். ஒன்று குறைந்தால் பேனலை மூடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.