பஞ்சத்தில் எழுந்த 347 அறைகள்

கேள்வி: ஜோத்பூர் போய் வந்தேன். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே மகாராஜா உமைத் சிங் அவ்வளவு பெரிய அரண்மனையைக் கட்டினாராம். கைடு சொன்னபோது கண் கலங்கிவிட்டது. அந்த ராஜபுத்திர மனசு இன்றைய ஆட்சியாளர்களுக்கு வருமா?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: கைடு பொய் சொல்லவில்லை. உமைத் பவனுக்கு 1929-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1943-இல் கட்டி முடித்தார்கள். சுமார் மூவாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. மணற்கல்லைச் செதுக்கி, ஒரு கல்லின் பள்ளத்தில் அடுத்த கல்லின் மேடு உட்காரும்படி கோத்து, சாந்து பூசாமலே சுவரை எழுப்பியிருக்கிறார்கள். வரைபடம் போட்டவர் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். கல் தட்டிய கை உள்ளூர்க்காரன் கை. கூலி வந்தது, வீட்டில் அடுப்பு எரிந்தது. இதையெல்லாம் நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் ஐயா, அந்தக் கூலி யார் பணம்? மார்வார், அதாவது ஜோத்பூர் சமஸ்தானத்துக் குடியானவன் கட்டிய நிலவரி. அவன் பணத்தை அவனுக்கே கூலியாகக் கொடுத்துவிட்டு, வீட்டை ராஜா வைத்துக்கொண்டார். அப்புறம், பஞ்சம் வந்தது மழை பொய்த்ததால். பதினான்கு வருஷம் அத்தனை பேர் உழைத்து முடித்தபோது மிஞ்சியது 347 அறைகள். அடுத்த முறை மழை பொய்த்தால் அதில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க முடியுமா?

‘அந்தக் காலத்து ராஜாவிடம் இதற்குமேல் எதிர்பார்க்கலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். எதிர்பார்க்கலாம். பக்கத்துச் சமஸ்தானமான பிகானேரைப் பாருங்கள். ஜோத்பூரை 1459-இல் நிறுவிய ராவ் ஜோதாவின் மகன் பீகா உருவாக்கிய ஊர் அது. அதே ராத்தோர் வம்சம், அதே பாலைவனம். 1899-இல் ‘சப்பனியா’ பஞ்சம் வந்து ஆடும் மாடும் மனிதர்களுமாகச் செத்து விழுந்தபோது அங்கே மகாராஜா கங்கா சிங்குக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தப் பாடம் அவருக்கு மறக்கவில்லை. பஞ்சாபோடும் பகவல்பூர் சமஸ்தானத்தோடும் மல்லுக்கட்டி, 1927-இல் சட்லெஜ் தண்ணீரைக் கால்வாய் வழியாக மணலுக்குள் கொண்டுவந்தார். மணல் தண்ணீரைக் குடித்துவிடும் என்று கால்வாய்க்குச் சிமென்ட் பூச்சும் பூசினார்கள். இன்றைக்கு ஸ்ரீகங்காநகர் பக்கம் கோதுமை விளைகிறதென்றால் அந்தக் கால்வாய் போட்ட பிள்ளையார் சுழி. கங்கா சிங் ஒன்றும் துறவி இல்லை. லால்கர் என்று தனக்கும் ஓர் அரண்மனை கட்டிக்கொண்டார், பாசன நிலத்தை விற்று கஜானாவையும் நிரப்பிக்கொண்டார். இருந்தாலும் கால்வாய் கால்வாய்தானே.

உமைத் சிங்குக்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். ஜவாய் அணையைத் தொடங்கியவர் அவர்தான், 1946-இல். மறு வருஷமே இறந்துபோனார். அணை முடிந்தபோது சமஸ்தானமே இல்லை. அந்த அணையைப் பற்றி எந்தக் கைடும் கண் கலங்கச் சொல்வதில்லை. இப்போது ஜவாய்க்குப் போகிறவர்களும் பெரும்பாலும் சிறுத்தை பார்க்கத்தான் போகிறார்கள்.

‘ராஜபுத்திர மனசு’ என்று பொதுவாகச் சொன்னீர்களே, அதற்கும் ஒரு ஊர் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து அரைமணி, முக்கால் மணிப் பயணத்தில் கேஜட்லி. 1730-இல் மகாராஜா அபய் சிங்குக்குப் புது அரண்மனை கட்ட வேண்டும், சுண்ணாம்புக் காளவாசலுக்கு விறகு வேண்டும். ஆட்கள் கோடரியோடு வந்தது பிஷ்னோய்களின் ஊருக்கு. பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அவர்கள் மத விதி. அங்கே நின்றது வன்னி மரம். பாலைவனத்தில் ஆட்டுக்குத் தழை, ஆளுக்குக் காய், வெயிலுக்கு நிழல் எல்லாமே அதுதான். அம்ரிதா தேவி என்ற பெண் முதலில் மரத்தைக் கட்டிப்பிடித்தாள். தலை போய் மரம் பிழைத்தால் அதுவே லாபம் என்று அவள் சொன்னதாகப் பிஷ்னோய்கள் இன்றும் சொல்வார்கள். அவளை வெட்டினார்கள், அவள் மகள்களை வெட்டினார்கள், வந்தவர்களையெல்லாம் வெட்டினார்கள். மொத்தம் 363 பேர். செய்தி தெரிந்து மகாராஜா வெட்டை நிறுத்தினார், மரங்களைக் காக்க ஆணையும் போட்டார். சரி, நிறுத்தினாரே என்று பாராட்ட வேண்டுமானால் பாராட்டுங்கள்.

மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். அஸ்திவாரத்தில் ராஜாராம் மேக்வால் என்பவரை உயிரோடு புதைத்ததாக அங்கேயே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டை நிலைக்கட்டும் என்று கொடுத்த பலி. அதைப் படித்தீர்களா, இல்லை பீரங்கி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்களா?

கோட்டையை இடிக்கச் சொல்லவில்லை, ரசிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானே வாய் பிளந்து பார்த்தவன்தான். பழைய ஊருக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்று ஒரு படிக்கிணறு உண்டு, 1740-களில் அபய் சிங்கின் ராணி வெட்டியது. பல காலம் குப்பை மூடிக் கிடந்ததைத் தூர்வாரி எடுத்திருக்கிறார்கள். படியில் உட்கார்ந்து பாருங்கள், ஒரு ராஜ குடும்பம் பணத்தை எதில் போட்டிருக்கலாம் என்பது தெரியும்.

கடைசியாக ஒன்று. ஜோத்பூரில் நீங்கள் குடித்த தண்ணீர் பெரும்பாலும் இந்திரா காந்தி கால்வாயிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர். அந்தக் கால்வாய்க்கு 1948-இல் யோசனை எழுதியவர் கன்வர் சைன் என்ற எஞ்சினியர். எந்தச் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர் தெரியுமா? பிகானேரில்.