வாப்பாவின் குளிசையும் காக்காவின் டின்னும்

கேள்வி: என் வாப்பாவுக்குப் பிரஷர். எக்கோ எடுத்ததில் இதயச் சுவர் தடித்திருக்கிறதாம். கிளினிக்கில் லொசார்டன் குளிசை தருகிறார்கள். கட்டாரிலிருந்து காக்கா இனோசிற்றோல் (சீனி போன்ற ஒரு பொருள்) தூள் ஒரு டின் அனுப்பியிருக்கிறார். இதயத்துக்குள் இனோசிற்றோல் பொஸ்பேற் வேலை செய்வதாக மருத்துவ பீடத்தில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்போ அந்தத் தூளையே கொடுக்கலாமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: மகள் சொன்னது சரி. அதை வைத்து டின்னைத் திறப்பதுதான் பிழை.

மட்டக்களப்பில் உயிரியல் படிப்பித்த காலத்தில் சந்தையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து வகுப்பில் அறுத்துக் காட்டுவேன். சோணையறை, அதாவது இதயத்தின் மேல் அறை, அதன் சுவர் வெற்றிலைபோல மெல்லிசாக மடங்கும். கீழ் அறையான இடது இதயவறையின் சுவரை அறுக்கக் கத்தியை அழுத்த வேண்டும். அந்தச் சுவர் துடிப்புக்குத் துடிப்பு சுருங்குவது கல்சியத்தால். வெளியிலிருந்து கலத்துக்குள் நுழையும் கொஞ்சக் கல்சியம், உள்ளே சேமித்திருக்கும் கல்சியத்தைத் திறந்துவிடும். இந்த அன்றாட வேலையில் இனோசிற்றோலுக்குப் பெரிய பங்கில்லை.

அதன் வேலை வேறு. அஞ்சியோடென்சின் என்ற ஹோர்மோன் கலத்தின் மேல் வந்து ஒட்டியதும், மென்சவ்விலுள்ள ஒரு கொழுப்பை நொதியம் ஒன்று வெட்டும். அதில் கழன்று விழும் துண்டுதான் மூன்று பொஸ்பேற் கோத்த இனோசிற்றோல். அது கல்சியக் களஞ்சியத்தின் இன்னொரு கதவைத் திறக்கும் என்பதை 1983இல் கண்டறிந்தார்கள், அதுவும் சதையிக் கலங்களில். இதயத்தில் அந்தக் கதவு சோணையறையில் அதிகம், இதயவறையில் குறைவு. ஆனால் கலத்தின் நடுவே பரம்பரையலகுகள் இருக்கும் கருவைச் சுற்றியும் அது இருக்கிறது. அங்கே அடிக்கடி திறந்தால் 'வளர்' என்ற கட்டளை பரம்பரையலகுகளுக்குப் போகும். சுவர் தடிப்பதற்கு அதுவும் ஒரு வழி.

இப்போது வாப்பாவின் குளிசையைப் பாருங்கள். அஞ்சியோடென்சின் ஒட்டும் இடத்தையே லொசார்டன் அடைத்துவிடுகிறது. மகள் படித்த பாதையின் தலைவாசலை அவர் தினமும் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்!

தூளுக்கு அந்த வல்லமை இல்லை. எவ்வளவு வெட்டுவது என்பதை ஹோர்மோன்தான் தீர்மானிக்கிறது, நாம் குடிக்கும் இனோசிற்றோல் அல்ல. அதைச் சிறுநீரகங்களே நாளுக்குச் சில கிராம் தயாரிக்கின்றன. உங்கள் ஊர் ஆலைகளில் குவியும் தவிட்டிலும் ஆறு பொஸ்பேற்றோடு அதே இனோசிற்றோல் கிடக்கிறது.

என் பயமெல்லாம் ஒன்றுதான். டின் வந்த பிறகு வாப்பா குளிசையை விட்டுவிட்டாரா? என் அப்பா ஒரு கசாயத்தை நம்பிப் பிரஷர் குளிசையை நிறுத்தியவர். மூன்றாம் மாதம் வாதம் வந்து வலக்கை விழுந்தது. இன்றைக்கே வாப்பாவின் குளிசை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். விட்டிருந்தால் நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு.