பத்தில் சனி நீசம் என்றால் வேலையே கிடையாதா?

கேள்வி: 1999 டிசம்பர் முதல் வாரம், இரவு 9.45-க்குக் கடலூரில் பிறந்தேன். கடக லக்னம், துலாம் ராசி, விசாகம். தொழிலைக் குறிக்கும் பத்தாம் இடமான மேஷத்தில் சனி நீசம் (பலமிழந்த நிலை). இப்போது சனி திசையும் நடக்கிறது. 'அரசு வேலை யோகமே இல்லை, குரூப் 4 எழுதி நேரத்தை வீணாக்காதே, 25,000 ரூபாயில் பரிகார ஹோமம் செய்' என்கிறார் ஜோதிடர். திருநள்ளாறு போய் வந்தும் பலனில்லை. சிப்காட்டில் ஒப்பந்த வேலையில்தான் காலம் ஓடுகிறது. சனி என்னை விடவே மாட்டாரா?
- மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய ராசிக் கட்டத்தை நிதானமாகப் பார்த்தேன். உங்கள் ஜோதிடர் பார்த்தாரா என்பதுதான் என் சந்தேகம்.

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 1998 ஏப்ரல் முதல் 2000 ஜூன் தொடக்கம் வரை சனி மேஷத்தில்தான் இருந்தார். அந்த இரண்டு வருஷத்துக்கும் மேலான காலத்தில் பிறந்த எல்லோருக்குமே சனி நீசம்தான். தினமும் சுமார் இரண்டு மணி நேரம் கடக லக்னம் ஓடுகிறது. அந்த நேரத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் அதே சனி பத்தில்தான். இவர்களில் ஒருவருக்குக்கூட அரசு வேலை கிடைக்காது என்று உங்கள் ஜோதிடர் எழுதிக் கொடுப்பாரா?

ஒரு கிரகம் நீசம் என்றதும் புத்தகத்தை மூடிவிட எந்த ஜோதிட நூலும் சொல்லவில்லை. அந்த நீசம் பங்கமாகிறதா, அதாவது நீங்குகிறதா என்று பார்க்கத்தான் சொல்கின்றன. மேஷத்துக்கு அதிபதி செவ்வாய். உங்களுக்கு அவர் மகரத்தில் உச்சம், அதாவது முழு பலம். லக்னத்துக்கு ஏழு, சந்திரனுக்கு நாலு. இரண்டு வகையிலும் கேந்திரம் (1, 4, 7, 10-ஆம் இடங்கள்). நீசபங்கத்துக்கு இது போதும். அதோடு நிற்கவில்லை. செவ்வாய் வீட்டில் சனி, சனி வீட்டில் செவ்வாய்: பரிவர்த்தனை. சனி பத்தாம் பார்வையாகத் தன் மகரத்தைப் பார்க்கிறார், செவ்வாய் நாலாம் பார்வையாகத் தன் மேஷத்தைப் பார்க்கிறார். கடக லக்னத்துக்கு ஐந்துக்கும் பத்துக்கும் உரிய யோககாரகர், அதாவது யோகம் தருபவர் இந்தச் செவ்வாய். தொழில் ஸ்தானாதிபதி உச்சம் பெற்று தொழில் ஸ்தானத்தையே பார்க்கும் ஜாதகத்தை வைத்துக்கொண்டா 'யோகமே இல்லை' என்றார்? எனக்குக் கோபம்தான் வருகிறது. பாக்கியாதிபதி (ஒன்பதாம் இடத்துக்கு உரியவர்) குருவும் அதே மேஷத்தில் இருக்கிறார். சனிக்குப் பக்கத்தில் 'வ' என்று போட்டிருக்கிறதே, அது வக்ரம், அதாவது பின்னோக்கி நகர்வது போலத் தெரியும் நிலை. நீச கிரகம் வக்ரமானால் பலனே மாறும் என்பார்கள் பெரியவர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மேஷம் 20 பாகை (டிகிரி) சனிக்குப் பரம நீசம், நீசத்தின் உச்சகட்டம். உங்களுக்கு 17-ல் நிற்கிறார். எட்டாம் இடத்துக்கும் உரியவர். தாமதம், அலைச்சல், இரண்டாம் மூன்றாம் முயற்சி எல்லாம் இருக்கும். ஆனால் தாமதம் வேறு, இல்லை என்பது வேறு. உழைப்புக்கும் தொழிலாளர்க்கும் காரகனே சனிதான். ஆலையில் நைட் ஷிஃப்ட் பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறீர்களே, அது மட்டும் எந்தக் கிரகம் கொடுத்தது?

(ஏழில் செவ்வாய் என்று நாளைக்கு யாராவது கல்யாணப் பேச்சில் பயமுறுத்துவார்கள். உச்ச செவ்வாய்க்கு தோஷ விலக்கு உண்டு. இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.)

திருநள்ளாறு நம் காரைக்காலில்தான் இருக்கிறது; எப்போது வேண்டுமானாலும் போய் தர்ப்பாரண்யேஸ்வரரைக் கும்பிட்டு வாருங்கள். ஆனால் பெயர்ச்சித் தேதியைக் காட்டி யார் பயமுறுத்தினாலும், எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள். சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. ஒரே பெயர்ச்சிக்குப் பதினொரு மாத வித்தியாசம். உங்கள் ஜாதகம் எதன்படி கணித்தது என்பதையும் கேட்டு வையுங்கள். நட்சத்திரப் பாகை கொஞ்சம் நகர்ந்தாலே திசை இருப்பு (பிறந்தபோது திசையில் மீதமிருந்த காலம்) மாறிவிடும்.

ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்தை நீங்கள் அனுப்பவில்லை. அதையும் நடப்பு புத்தியையும் (திசையின் உட்பிரிவு) பார்க்காமல், எந்த மாதம் வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். இரண்டையும் அனுப்புங்கள். அதற்குள் ஹோமத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். குரூப் 4-க்கு அடுத்த அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள்.