லெவலிங் கிட் போட்ட எஃப்-150ல 35 இன்ச் டயர் ஏறுமா?

டெக்சாஸ் ஆஸ்டின்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 2019 ஃபோர்டு எஃப்-150 எக்ஸ்எல்டி பிக்கப் டிரக், ஃபோர் வீல் டிரைவ், முன்னாடி 2 இன்ச் லெவலிங் கிட் போட்டாச்சு. இப்போ 20 இன்ச் ரிம், 10 இன்ச் அகலம், மைனஸ் 18 ஆஃப்செட், அதுல 35 இன்ச் உயர டயர் பன்னெண்டரை இன்ச் அகலத்துல, எல்லாம் சேத்து ஒரே பேக்கேஜா ஒரு கடையில தர்றாங்களாம். தினமும் 50 மைல் ஹைவே, மாசம் ஒரு தடவை பிள்ளைங்களோட கேம்பிங், பின்னாடி சின்ன டிரெய்லர். "வாங்கலாமாண்ணா, உரசுமா?"ன்னு கேக்கறார்.

உரசும் தம்பி. இந்த பேக்கேஜ் வேண்டாம்.

லெவலிங் கிட்னா ஸ்ட்ரட்டுக்கு, அதாவது முன் வீலைத் தாங்கற ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்த செட்டுக்கு, தலை மேல வைக்கிற ஒரு ஸ்பேசர், அவ்வளவுதான். வண்டி நிக்கும்போது முன்பக்கம் தூக்கி நிக்கும், ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவுல நல்லா இடம் தெரியும், அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் 35 ஏறும்னு நினைக்கறாங்க. ஆனா ஒரு பள்ளத்துல விழுந்து சஸ்பென்ஷன் முழுசா அமுங்குச்சுன்னா வீல் கிட் போடறதுக்கு முன்னாடி எங்க போய் நின்னுச்சோ அங்கயேதான் போய் நிக்கும், ஏன்னா அதுக்கு மேல அமுங்காம தடுக்கற பம்ப் ஸ்டாப் பழைய இடத்துலயேதானே இருக்கு. 6 இன்ச் லிஃப்ட் கிட் வேற விஷயம், அதுல சஸ்பென்ஷனையே சேசிஸ்ல இருந்து கீழ இறக்கி மாட்டறாங்க, அதனால அமுங்கினாலும் இடம் இருக்கும். 35 போட்ட எஃப்-150னு நீங்க பாத்து ஆசைப்பட்ட போட்டோல நிறைய அந்த மாதிரி வண்டியாத்தான் இருக்கும்.

அதை விட பெரிய சிக்கல் ஆஃப்செட். ரிம் அகலத்துக்கு நடுவுல ஒரு கோடு போட்டுக்கோங்க, ஹப்ல, அதாவது வண்டியில ரிம் மாட்டற இடத்துல, ஒட்டற முகம் அந்தக் கோட்டுல இருந்து எத்தனை மில்லி தள்ளி இருக்குன்றதுதான் ஆஃப்செட், வெளிப்பக்கமா இருந்தா பிளஸ், உள்பக்கமா இருந்தா மைனஸ். உங்க கம்பெனி 18 இன்ச் ரிம் ஏழரை அகலம், பிளஸ் 44. அகலத்துல பாதி 95 மில்லி, அதுல 44 போனா ஹப்ல இருந்து வெளிய 51 மில்லி நிக்குது. இப்போ அவங்க தர்ற ரிம்முக்கு போடுங்க, 10 இன்ச்ல பாதி 127, மைனஸ் 18ன்றதால கூட்டணும், 145. அதாவது இப்போ இருக்கறதை விட 94 மில்லி, கிட்டத்தட்ட நாலு இன்ச், ஒவ்வொரு பக்கமும் வெளிய போகுது. ஸ்டியரிங் திருப்பும்போது டயர் சுத்தற வட்டம் பெருசாகி பின்பக்கம் ஃபெண்டருக்கு உள்ள இருக்கற பிளாஸ்டிக் லைனர்லயும் முன்பக்கம் பம்பர் ஓரத்துலயும் போய் இடிக்கும். வீல் பேரிங் மேல லோடு விழற இடமும் மாறுது, மழையில கதவு முழுக்க சேறு, ஹைவேல ஒரு சின்ன பள்ளம் வந்தா கூட ஸ்டியரிங் கையில இழுக்கும். தினமும் 50 மைல் ஓட்டற ஆளுக்கு அது நல்ல சோர்வு.

நான் ஹூஸ்டன்ல டயர், சஸ்பென்ஷன் வேலை பாக்கறேன். இந்த மாதிரி செட்டப்போட ஒரு வண்டி வந்துச்சு, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா பிளாஸ்டிக் லைனர் தேஞ்சு ஓட்டை விழுந்திருந்துச்சு, டயர் தோள்ல பிளாக் எல்லாம் கத்தியால சீவின மாதிரி வழவழன்னு இருந்துச்சு. டயர் வாங்கி மூணு மாசம் கூட ஆகலை. பின் சீட்டுல குழந்தை சீட் இருந்துச்சு, அது இன்னும் மனசுல நிக்குது.

அப்போ என்ன போடலாம்? முதல்ல டயர் சைஸை முடிவு பண்ணுங்க, ரிம் அப்புறம். உங்க வண்டிக்கு 275/70 ஆர்18, கிட்டத்தட்ட 33 இன்ச் வரும், கம்பெனி டயர் 32. இதுல நல்ல சேதி, உங்க பழைய ஏழரை ரிம்லயே இது ஏறும், காசு மிச்சம். இல்லை ரிம்மும் மாத்தணும்னு ஆசை இருந்தா 18 இன்ச், எட்டரை அகலம், பிளஸ் 25 பக்கம் பாருங்க, வெளிய 32 மில்லிதான் போகும், பாக்கவும் கம்பீரமா இருக்கும். போல்ட் பேட்டர்ன், அதாவது எத்தனை போல்ட், அது நிக்கற வட்டத்தோட விட்டம் எவ்வளவுன்றது, 2004க்கு அப்புறம் வந்த எஃப்-150க்கு ஆறு போல்ட் 135 மில்லி, செவர்லே சில்வராடோ 1500 ரிம் ஆறு போல்ட் 139.7, கண்ணுக்கு ஒண்ணு மாதிரியே தெரியும், செகண்ட் ஹேண்ட்ல யாராவது "செட் ஆகும்"னு சொன்னா நம்பாதீங்க. நடு ஓட்டை 87.1 மில்லி, அதை விட சின்னதா இருந்தா ஹப்ல உக்காராது. ரிம் பின்னாடி லோடு ரேட்டிங் அச்சடிச்சிருக்கும், கதவு ஸ்டிக்கர்ல பின் ஆக்ஸில் 3,800 பவுண்டுன்னு போட்டிருந்தா ஒரு ரிம் குறைஞ்சது 1,900 தாங்கணும்.

டயர் எழுத்துல எல்டின்னு, அதாவது லைட் டிரக்னு, வந்தா ஜாக்கிரதையா ஒரு விஷயம். அது கனமான டயர், லோடு ரேஞ்ச் (தாங்கற பலத்தோட குறியீடு) ஈன்னா 80 பிஎஸ்ஐ காத்துல ஒரு டயர் 1,650 கிலோ தாங்கும், ஆனா கதவுல போட்டிருக்கற 35 பிஎஸ்ஐலயே விட்டீங்கன்னா பழைய டயரை விட கம்மியாத்தான் தாங்கும். அதனால டயர் கம்பெனியோட லோடு டேபிளைப் பாத்து ஏத்தச் சொல்லுங்க, டிரெய்லர் மாட்டறப்போ பின்னாடி இன்னும் ஏத்தணும். அப்புறம் சாக்பீஸால டயர் மேல குறுக்க ஒரு பட்டையா கோடு போட்டு நேரா ஒரு நூறு அடி ஓட்டிப் பாருங்க, நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரம் மட்டும் அழிஞ்சா கம்மி. ஆனா டேபிள்ல இருக்கற அளவுக்குக் கீழ மட்டும் இறக்காதீங்க. உங்க ஓட்டத்துக்கு ரோடு, மண் ரெண்டுக்கும் ஆகற ஆல் டெரைன் டயர் போதும், சேத்துக்குன்னே வர்ற மட் டெரைன் ஹைவேல சத்தம் போட்டு குழந்தைங்களைத் தூங்க விடாது.

மீட்டர் 70ன்னு காட்டும்போது 33ல நிஜமா 72 போவீங்க, அதை கேலிபிரேட் பண்ணிக்கலாம் (35 போட்டிருந்தா 76). உங்க ஆக்ஸில் ரேஷியோ, அதாவது வீல் ஒரு தடவை சுத்த டிரைவ் ஷாஃப்ட் எத்தனை தடவை சுத்தணும்ன்ற கணக்கு, 3.31ன்னா 35ல அது 3.03 மாதிரி ஆயிடும், டிரெய்லரோட மேடு ஏறும்போது வண்டி திணறும். பழைய ஏர் பிரஷர் சென்சாரையே புது ரிம்முக்கு மாத்திக்கலாம். ஸ்டெப்னியும் அதே சைஸ்ல வாங்குங்க.

மாட்டி முடிச்சதும் அலைன்மென்ட் கண்டிப்பா. நட்டு 150 ஃபுட் பவுண்ட், இம்பாக்ட் கன்னோட விட்டுடாம டார்க் ரெஞ்சுல பாக்கச் சொல்லுங்க, 100 மைல் ஓடினதும் மறுபடி ஒரு தடவை. அன்னைக்கே ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு லைனர்ல கருப்புத் தடம் எங்கயாவது விழுந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி.